மூடியில் எழுதியிருந்தது ‘தோல்’ மட்டும்

பொருள்: சொரியாசிஸுக்கான உருண்டை மாத்திரை, கூடவே ஒரு சூரணம். வாங்கிய இடம்: பெங்களூரு கே.ஆர். மார்க்கெட்டை ஒட்டிய ஒரு நாட்டு மருந்துக் கடை. விலை: மாத்திரை டப்பா 450 ரூபாய், சூரணம் நூறு கிராம் 180 ரூபாய். சாப்பிட்டவர் என் மனைவி, வயது 49. நான்கு மாதம் சாப்பிட்டாள். கடையின் கச்சாச் சரக்குக்கு ஐந்துக்கு நான்கு மதிப்பெண் கொடுப்பேன். அந்த டப்பாவுக்குக் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை.

கடையின் பெயரை எழுதப் போவதில்லை. புகார் கொடுத்திருக்கிறேன், விசாரணை நடக்கட்டும். பெயர் தெரிந்துகொண்டு அந்த ஒரு கடையை மட்டும் தவிர்த்தால் போதும் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது என்பதும் ஒரு காரணம். இதே டப்பாவை, இதே பச்சை மூடியோடு, ஶ்ரீராமபுரத்தில் பார்த்திருக்கிறேன், சிவாஜி நகரில் பார்த்திருக்கிறேன். ஊருக்குப் போனபோது ஆம்பூர் பஸ் நிலையத்துக்கு எதிரிலும் பார்த்தேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கன்னடத்தில் இந்தக் கடைகளை ‘கிரந்திகே அங்கடி’ என்பார்கள். பூ மார்க்கெட்டின் ஈரமும் கூச்சலும் முடியும் இடத்தில், ஓர் ஆள் அகலத்துக்கு ஒரு சந்து. அதற்குள் இருக்கிறது கடை. கூரை வரை மர இழுப்பறைகள். கடைக்காரர் எங்கள் பக்கத்துக்காரர், திருப்பத்தூரிலிருந்து வந்து நாற்பது வருடம் ஆயிற்றாம். எந்த இழுப்பறையில் என்ன இருக்கிறது என்று அவர் பார்ப்பதே இல்லை, கை தானாகப் போகும். சுக்கு பூச்சி அரிக்காதது, திப்பிலி நன்றாகக் காய்ந்தது. கடுக்காயைத் தட்டிக் கொட்டை நீக்கித்தான் கொடுப்பார். தீபாவளி லேகியத்துக்கு எங்கள் வீட்டில் பத்து வருடமாக இங்கேதான் சரக்கு வாங்கினோம், ஒரு முறைகூடக் குறை சொன்னதில்லை. நான் சித்த மருத்துவத்துக்கு எதிரி இல்லை. என் பாட்டி நிலவேம்பும் பற்படாகமும் கொடுத்து வளர்த்த உடம்பு இது. அந்த மரியாதையோடுதான் இதை எழுதுகிறேன்.

என் மனைவிக்குப் பதினொரு வருடமாகச் சொரியாசிஸ். முழங்கையிலும் முழங்காலிலும் தொடங்கி முதுகு வரை வந்துவிட்டது. காலையில் படுக்கை விரிப்பை உதறினால் வெள்ளைச் செதில் உதிரும். அதை நான் பார்ப்பதற்குள் சுருட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவாள். தோல் மருத்துவர் கொடுத்த களிம்பு தடவும்வரை அடங்கும், விட்டால் திரும்ப வரும். கல்யாண வீடுகளுக்கு முழுக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு போவாள், ஏப்ரல் மாதத்திலும். இப்படிப்பட்டவளிடம் முருகன் கோயிலில் ஒரு அம்மாள், “என் மருமகளுக்கு மூன்றே மாதத்தில் சுத்தமாகப் போய்விட்டது” என்று கடையின் பெயரைச் சொன்னால் அவள் எப்படிப் போகாமல் இருப்பாள்?

ஆகஸ்ட் மாதம் இருவரும் போனோம். ஶ்ரீராமபுரத்தில் மெட்ரோ ஏறினால் நாலாவது நிறுத்தம் கே.ஆர். மார்க்கெட். கடைக்காரர் அவள் கையைப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொன்னார். கல்லாவுக்குக் கீழே இருந்து வெள்ளை டப்பா ஒன்றை எடுத்தார். மிளகைவிடக் கொஞ்சம் பெரிய, கறுப்பு உருண்டைகள். காலையில் ஒன்று, இரவு ஒன்று, தேனில் குழைத்து. பிறகு ஓர் இழுப்பறையிலிருந்து சாம்பல் பச்சையில் ஒரு பொடியை நிறுத்து, கன்னடச் செய்தித்தாளில் மடித்துக் கட்டினார்.

“இதில் என்னென்ன சேர்ந்திருக்கிறது அண்ணா?” என்று கேட்டேன்.

“எல்லாம் மூலிகைதான். பக்கவிளைவு கிடையாது. கத்தரிக்காயும் கருவாடும் மட்டும் ஆகாது.”

அவ்வளவுதான். டப்பாவில் ஒட்டுத்தாள் இல்லை. கலந்துவிடாமல் இருக்க மூடிமேல் நீல மையில் ஒரே ஒரு சொல் எழுதிக் கொடுத்தார்: தோல்.

சுல்தான்பேட்டையில் முப்பத்திரண்டு வருடமாக அச்சகம் வைத்திருக்கிறேன். ஊறுகாய் பாட்டில், ஊதுவத்தி உறை, ஆயுர்வேதக் கம்பெனிகளின் தைல லேபிள் என்று எத்தனையோ அடித்திருக்கிறேன். மருந்து லேபிளில் என்னென்ன இருக்க வேண்டும் என்பது எனக்கு மனப்பாடம். ஒரு வரி விடுபட்டால் மொத்தக் கட்டும் திரும்பி வரும் என்பதால் கண்ணாடி வைத்துப் பிழை பார்ப்பவன் நான். அந்த டப்பாவைக் கையில் வாங்கியபோது அது எதுவும் எனக்குத் தோன்றவில்லை. நம் கடை, நம் ஊர்க்காரர், நம் மருந்து என்ற நினைப்பு கண்ணை மறைத்துவிட்டது.

மருந்து கேட்டதா என்றால், கேட்டது. இதை மறைத்து எழுதினால் இந்த மதிப்புரைக்கு அர்த்தமில்லை. மூன்றாவது வாரத்தில் அரிப்பு நின்றது. ஆறாவது வாரத்தில் முழங்கையில் செதில் உதிர்ந்து, கீழே இளஞ்சிவப்பில் புதுத் தோல் தெரிந்தது. நவராத்திரிக்கு அரைக்கை ரவிக்கை போட்டுக்கொண்டு கொலுவுக்குப் போனாள். அந்தப் படம் இன்னும் என் கைப்பேசியில் இருக்கிறது. அதற்குப் பிறகு யார் நிறுத்தச் சொல்லியிருந்தாலும் நிறுத்தியிருக்க மாட்டாள். நானும் சொல்லியிருக்க மாட்டேன். இரண்டாவது டப்பா, மூன்றாவது டப்பா எல்லாம் நான்தான் வாங்கி வந்தேன்.

டிசம்பரில் ஒரு நாள் காலை, மெட்டி கழலவில்லை என்றாள். குளிருக்கு விரல் வீங்கியிருக்கும் என்று நினைத்தோம். சோப்பு தடவி, எண்ணெய் தடவி, கடைசியில் நூல் சுற்றி இழுத்தும் வரவில்லை. மெட்டிக்கு இரண்டு பக்கமும் சதை பிதுங்கி நின்றது. கணுக்காலுக்கு மேல் என் கட்டைவிரலை வைத்து அழுத்தினேன். எடுத்த பிறகும் குழி அப்படியே நின்றது. நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், இருபதுக்கு மேல் போயும் அது நிரம்பவில்லை. அப்போதுதான் அவள் சொன்னாள், இரண்டு வாரமாகவே காலையில் எழுந்தால் கண்ணிமை கனக்கிறது, சிறுநீர் சோப்புத் தண்ணீர் போல் நுரைத்துக்கொண்டு போகிறது, தண்ணீர் ஊற்றினாலும் நுரை அடங்குவதில்லை என்று. மெட்டியை நகைக்கடையில் அறுத்து எடுத்தோம்.

சிறுநீர்ப் பரிசோதனையில் புரதம் நான்கு கூட்டல் குறி. 24 மணி நேரச் சேகரிப்பில் 7.2 கிராம் புரதம் வெளியே போயிருந்தது. ஆரோக்கியமான உடம்பில் ஒரு நாளைக்குப் போவது 150 மில்லிகிராமுக்கும் குறைவு. இரத்தத்தில் ஆல்புமின் என்ற புரதம் 2.1 என்று இறங்கியிருந்தது. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் 0.9, அதாவது இயல்பு. இது எனக்குப் பெரிய பாடம். ‘கிட்னி டெஸ்ட்’ என்றால் கிரியாட்டினின் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். வடிகட்டி ஓட்டையாகிப் புரதம் கொட்டிக்கொண்டிருக்கும்போதும் கிரியாட்டினின் நன்றாகவே இருக்கலாம். அதை மட்டும் பார்த்திருந்தால் ‘எல்லாம் சரி’ என்று வீட்டுக்கு வந்திருப்போம்.

சிறுநீரக மருத்துவர் நடுவயதுக்காரர், கன்னடர், தமிழ் நன்றாகப் பேசினார். வலி மாத்திரை சாப்பிடுவீர்களா, சர்க்கரை உண்டா என்று வரிசையாகக் கேட்டுவிட்டு, “நாட்டு மருந்து, லேகியம், பஸ்பம் ஏதாவது?” என்றார். என் மனைவி “இல்லை டாக்டர்” என்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்தாள். பொய் சொல்ல வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. இந்த மருந்தைச் சொன்னால் நிறுத்தச் சொல்வார்கள், நிறுத்தினால் செதில் திரும்ப வரும் என்ற பயம். அந்தப் பயம் எனக்குப் புரிந்தது. அதனால் நானும் வாயைத் திறக்கவில்லை. அன்றிரவு முழுக்கத் தூக்கம் இல்லை. மறுநாள் டப்பாவையும் பொட்டலத்தையும் பையில் போட்டுக்கொண்டு நான் மட்டும் போய் அவர் மேசைமேல் வைத்தேன்.

அவர் கோபப்படவில்லை. மூடியைத் திருப்பி ‘தோல்’ என்பதை எழுத்துக்கூட்டிப் படித்தார். “இதைக் கொண்டுவந்ததற்கு நன்றி” என்று சொல்லிவிட்டு இரண்டு பரிசோதனை எழுதினார்: இரத்தத்தில் கன உலோகங்கள், சிறுநீரகத்தில் பயாப்ஸி.

பயாப்ஸிக்குப் பயந்தோம். குப்புறப் படுக்கவைத்து, ஸ்கேன் பார்த்துக்கொண்டே முதுகில் ஊசி விட்டு, பென்சில் முனை அகலத்தில் நூல் போலத் திசு எடுத்தார்கள். அதன் பிறகு அசையாமல் மல்லாந்து படுத்திருந்ததுதான் கஷ்டம் என்றாள். ஒரு வாரத்தில் முடிவு வந்தது: மெம்பிரேனஸ் நெஃப்ரோபதி. மருத்துவர் காகிதத்தில் வரைந்து காட்டினார். ஒவ்வொரு சிறுநீரகத்திலும் ஏறத்தாழப் பத்து லட்சம் நுண்வடிகட்டிகள். அவற்றின் சுவரில், வெளிப்புறமாக, உடம்பின் எதிர்ப்புப் புரதங்கள் போய்ப் படிந்து சுவரைத் தடிக்கவைத்து ஓட்டையாக்குகின்றன. எந்தப் புரதத்தைப் பிடித்துக்கொண்டு படிகின்றன என்பதைச் சாயமிட்டுப் பார்த்தால் காரணம் பிடிபடும். இவளுக்குப் பிடிபட்டது நெல்-1 என்ற வகை. “நெல்லா?” என்று கேட்டாள் என் மனைவி, திகைத்துப்போய். ஓர் ஆங்கிலப் பெயரின் சுருக்கம்தான் என்று பொறுமையாக விளக்கினார்.

இந்த நெல்-1 வகை புற்றுநோய் உள்ள சிலருக்கு வரும். நம் நாட்டில் இன்னொரு கூட்டத்துக்கும் வருகிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையின் சிறுநீரகத் துறை 2022இல் எழுதியதை அவர் காட்டினார். அங்கே வந்த நெல்-1 நோயாளிகளில் பலர் பாரம்பரிய மருந்து சாப்பிட்டவர்கள். அந்த மருந்துகளைச் சோதித்தபோது பாதரசம் இருந்தது. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோருக்குப் புரதம் போவது குறைந்தது. கேரளத்திலும் மகாராஷ்டிரத்திலும் பாதரசம் கலந்த சிவப்பழகு களிம்பு தடவியவர்களுக்கும் இதே நோய் வந்திருக்கிறது. வாய் வழியாகத்தான் போக வேண்டும் என்பதில்லை, தோல் வழியாகப் போனாலும் போதும்.

என் மனைவியின் இரத்தத்தில் பாதரசம் இயல்பைவிடப் பல மடங்கு. மீதியிருந்த உருண்டைகளைப் பீண்யாவில் ஒரு தனியார் சோதனைக்கூடத்தில் கொடுத்தேன். மூலிகை மருந்தில் பாதரசம் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்பது வரம்பு. ஈயத்துக்கு 10, ஆர்சனிக்குக்கு 3, காட்மியத்துக்கு 0.3. ‘எல்லாம் மூலிகைதான்’ என்று கொடுத்த உருண்டையில் பாதரசம் ஆயிரக்கணக்கில் இருந்தது. தவறிக் கலந்த அளவு இல்லை இது. யாரோ தெரிந்தே சேர்த்திருக்கிறார்கள்.

அந்த முடிவு வந்த அன்று அச்சகத்தில் உட்கார்ந்து, பழைய வாடிக்கையாளர் ஒருவரின் மருந்து லேபிளை எடுத்து டப்பாவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். 1945ஆம் ஆண்டு மருந்து விதிகளில் 161ஆம் விதி இதற்கானது. சேர்ந்த பொருள்கள் அனைத்தும், மூலிகையானால் தாவரவியல் பெயரோடு, வேரா இலையா பட்டையா என்பதோடு, அளவோடு. தயாரித்தவர் பெயர், முகவரி. உரிம எண். தொகுதி எண். தயாரித்த தேதி, காலாவதி தேதி. ‘சித்த மருந்து’ அல்லது ‘ஆயுர்வேத மருந்து’ என்ற சொல். ரசம் (பாதரசம்), லிங்கம் (பாதரசத் தாது) போல நச்சுப் பொருள் அட்டவணையில் உள்ளது ஏதாவது சேர்ந்திருந்தால், மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே சாப்பிட வேண்டும் என்ற எச்சரிக்கை, ஆங்கிலத்திலும் இந்தியிலும். பழைய லேபிளில் இத்தனையும் நானே கோத்தவை. டப்பாவில் ஒரு சொல். அந்த எச்சரிக்கை வரி இருந்திருந்தால் நான் படித்திருப்பேன். படிப்பதுதான் என் தொழில்.

பொட்டலத்துக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் எனக்கு அதிகப் பயம்.

பொடியில் என்ன இருந்தது என்று கடைக்காரரிடமே போய்க் கேட்டேன். இரண்டு நாள் இழுத்துவிட்டுச் சொன்னார்: பரங்கிப்பட்டை, கருஞ்சீரகம், ஆடுதீண்டாப்பாளை. பெயரைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்தது. கரிசல் காட்டில் தரையோடு படர்ந்து கிடக்கும் சாம்பல் நிறக் கொடி. இலை, பிளந்த சிறுநீரகத்தின் வடிவில் இருக்கும். மேய்ச்சலுக்குப் போன ஆடு எல்லாச் செடியையும் கடித்துப் பார்க்கும், இதன் பக்கம் போகாது. அதைப் பார்த்துத்தான் நம் முன்னோர் இந்தப் பெயரையே வைத்திருக்கிறார்கள். பூச்சி மருந்தாகவும் கரப்பானுக்கும் சொறிக்கும் வழிவழியாகக் கொடுத்து வந்திருக்கிறார்கள் என்பதும் உண்மை. ஈஸ்வரமூலி என்று சொல்லும் கொடியும் இதே குடும்பம்தான். தாவரவியலில் இரண்டும் அரிஸ்டோலோக்கியா.

அந்தப் பெயரைச் சொன்னதும் மருத்துவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். இந்தக் குடும்பத்துச் செடிகளில் அரிஸ்டோலோக்கிக் அமிலம் என்று ஒன்று இருக்கிறது. அதன் கதை பெல்ஜியத்தில் வெளிப்பட்டது. 1990களின் தொடக்கத்தில் பிரஸ்ஸல்ஸ் நகரத்தில் உடல் எடை குறைக்கும் சிகிச்சை எடுத்துக்கொண்ட பெண்களுக்கு, வேறு எந்த நோயும் இல்லாமல், சிறுநீரகம் சுருங்கிப் போகத் தொடங்கியது. மாத்திரையில் சேர்க்க வேண்டிய சீன மூலிகையின் பெயர் ஹான் ஃபாங் ஜி. அதற்குப் பதிலாக வந்து சேர்ந்தது குவாங் ஃபாங் ஜி, அது ஓர் அரிஸ்டோலோக்கியா. பெயரில் ஓர் அசைதான் வேறு. 1993இல் மருத்துவர்கள் இதை முதலில் எழுதினார்கள். பிறகு எண்ணிக்கை நூறைத் தாண்டியது, பலர் டயாலிசிஸுக்கும் மாற்றுச் சிறுநீரகத்துக்கும் போனார்கள். பிழைத்திருத்தம் பார்க்கிறவனுக்கு இந்தக் கதையைக் கேட்டால் கை நடுங்கும். ஓர் எழுத்துப் பிழையில் இத்தனை பேரின் சிறுநீரகம்.

அதோடு முடியவில்லை. சிறுநீரகம் முற்றிலும் செயலிழந்த 39 பேர், முன்னெச்சரிக்கையாகத் தங்கள் பழைய சிறுநீரகத்தையும் சிறுநீர்க் குழாயையும் எடுத்துவிட ஒப்புக்கொண்டார்கள். எடுத்துப் பார்த்தால் 18 பேருக்குப் புற்றுநோய். அது 2000இல் வெளியானது. உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை இந்த அமிலத்தை, மனிதருக்குப் புற்றுநோய் தரும் என்று உறுதியான முதல் வகுப்பில் வைத்திருக்கிறது. டான்யூப் நதியின் கிளையாறுகளை ஒட்டிய பால்கன் கிராமங்களில் தலைமுறைகளாகக் குடும்பம் குடும்பமாகச் சிறுநீரகம் கெட்டுப்போனதற்கும் காரணம் இதே குடும்பத்துக் களைதான். கோதுமை வயலில் வளர்ந்து, அதன் விதை மாவோடு அரைபட்டு, அன்றாட ரொட்டி வழியாகப் போயிருக்கிறது.

பாதரசத்துக்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். பாதரசத்தால் வந்த நோய் நுரையாகவும் வீக்கமாகவும் தன்னைக் காட்டிக்கொண்டது. மெட்டி இறுகியதால் நாங்கள் ஓடினோம். இந்த அமிலம் வடிகட்டியை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் உள்ள நுண்குழாய்களைத் தழும்பாக்குகிறது. வீக்கம் வராது, நுரை அதிகம் இருக்காது, வலியும் இல்லை. தெரிய வரும்போது பாதி சிறுநீரகம் போயிருக்கும். தழும்பு விழுந்தது விழுந்ததுதான், நிறுத்திய பிறகும் சிலருக்கு வளர்ந்துகொண்டே போகும். பயாப்ஸியில் என் மனைவிக்கு அந்தத் தழும்பு இல்லை. பொடியைக் குடிக்கக் கசக்கிறது என்று வாரத்தில் பாதி நாள் விட்டிருக்கிறாள். முன்பெல்லாம் அதற்காக அவளைக் கோபித்துக்கொண்டிருக்கிறேன். ஆனாலும் இனி வருடத்துக்கு ஒரு முறை ஸ்கேனும் சிறுநீரில் செல் பரிசோதனையும் செய்ய வேண்டும், இரத்தம் தென்பட்டால் அன்றைக்கே வர வேண்டும் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அல்சூரில் ஒரு சித்த மருத்துவர் இருக்கிறார். பாளையங்கோட்டைக் கல்லூரியில் முறையாகப் படித்தவர். எனக்கு மனம் ஆறாமல் அவரிடம் போனேன். நம் மருத்துவமே இப்படித்தானா என்று கேட்க வேண்டும் போல் இருந்தது. அறிக்கைகளை முழுக்கப் படித்துவிட்டு அவர் சொன்னது: “ரசம் சேர்ந்த மருந்தை எங்கள் நூல்களே நஞ்சு என்றுதான் தொடங்குகின்றன. நஞ்சு நீக்கிச் சுத்தி செய்யும் முறை, அளவு, நாள் கணக்கு, பத்தியம் எல்லாம் சொல்லப்பட்டது அதற்காகத்தான். நாடி பார்க்காதவன் கல்லாவுக்குக் கீழே இருந்து எடுத்துக் கொடுப்பதற்கு எந்த நூலிலும் இடமில்லை.” என் மனைவிக்கு ஏதாவது கொடுங்கள் என்று கேட்டேன். சிறுநீரகம் தேறும்வரை ஒரு கஷாயம்கூடக் கொடுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார், ஆலோசனைக் கட்டணமும் வாங்கவில்லை. மதிப்பெண் யாருக்காவது முழுதாகக் கொடுக்க வேண்டுமென்றால் இவருக்குக் கொடுப்பேன்.

முறையாகச் சுத்தி செய்தால் பாதரசம் முழுக்க அடங்கிவிடும் என்று வாதம் செய்பவர்கள் உண்டு. அவர்களோடு சண்டை போட எனக்குப் படிப்பு போதாது. கடையில் விற்பதைச் சோதித்தவர்கள் கண்டதை மட்டும் சொல்கிறேன். அமெரிக்காவில் பாஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004இல் வெளியிட்டார்கள். 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஐந்தில் ஒன்று. அவையெல்லாம் லேபிள் ஒட்டியவை. ஆகவே லேபிள் இருந்துவிட்டால் போதும் என்று நான் சொல்ல மாட்டேன். லேபிளே இல்லாததைத் தொடவே வேண்டாம் என்று சொல்வேன். ‘பக்கவிளைவு கிடையாது’ என்று ஒருவர் சொன்னால், அவர் மருந்தைப் பற்றி எதுவும் தெரியாமல் பேசுகிறார் என்றே இப்போது எடுத்துக்கொள்கிறேன். பொடியாக்கியதை வாங்குவதில்லை. முழு வேராக, முழு இலையாகக் கண்ணுக்குத் தெரிவதைத்தான் வாங்குகிறேன். தோலுக்கும் மூட்டு வலிக்கும் நாட்டு மருந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பவர்கள் கிரியாட்டினினோடு சிறுநீரில் புரதத்தையும் பார்த்துவிடுங்கள், குறைந்த செலவில் முடிந்துவிடும். மருத்துவர் கேட்டால் மறைக்காதீர்கள். நாங்கள் மறைத்த அந்த ஒரு இரவை நினைத்தால் இன்றும் வயிறு கலங்குகிறது.

மருந்தை நிறுத்தினோம். ஸ்டீராய்டு வேண்டாம், காரணம் தெரிந்துவிட்டது, ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்றார் மருத்துவர். வீக்கம் வடிய ஒரு மாத்திரை, புரதக் கசிவைக் குறைக்க ஓர் இரத்த அழுத்த மாத்திரை, உப்புக் குறைத்த சாப்பாடு. மாதாமாதம் 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரிக்க ஐந்து லிட்டர் கேன். காலை எழுந்ததும் முதல் முறை போவதைக் கேனில் சேர்க்கக் கூடாது. அதன் பிறகு மறுநாள் காலை அதே நேரம் வரை ஒரு சொட்டு விடாமல் சேர்க்க வேண்டும். கேனில் தேதியும் நேரமும் நான் எழுதி ஒட்டுவேன், அச்சகத்துத் தாளில். மூன்றாம் மாதம் 3.1 கிராம். ஏழாம் மாதம் 0.9. பத்தாம் மாதம் 0.3. இரத்தத்தில் பாதரசம் அதற்கு வெகு முன்பே இயல்புக்கு வந்துவிட்டது. முழங்கையில் செதில் திரும்ப வந்திருக்கிறது. தோல் மருத்துவமனையில் ஒளி சிகிச்சைக்கு வாரம் இரண்டு நாள் போகிறாள். முழுக்கை ரவிக்கையையும் மறுபடி எடுத்துவிட்டாள்.

போன மாதம் கடைக்குக் கடைசியாகப் போனேன். சோதனைக்கூட அறிக்கையின் நகலைக் கொடுத்தேன். அவருக்குப் பாதரசம் பற்றி நிஜமாகவே தெரியாது என்று நம்புகிறேன். உருண்டைகள் கிலோ கணக்கில் வேறு ஓர் ஊரிலிருந்து மூட்டையாக வருகின்றனவாம், இவர் டப்பாவில் அடைத்து விற்கிறார். “நாற்பது வருடத்தில் ஒருவரும் வந்து சொன்னதில்லையே தம்பி” என்றார். சிறுநீரகம் கெட்டவர்கள் மருத்துவமனைக்குப் போவார்கள், மருந்துக் கடைக்குத் திரும்பி வருவார்களா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. தராசுத் தட்டைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்.

கிளம்பும்போது ஒன்று சொல்லிவிட்டு வந்தேன். உருண்டையில் என்னென்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, யார் எந்த உரிமத்தில் செய்தார்கள் என்று அனுப்புகிறவரிடம் எழுதி வாங்கித் தாருங்கள். ஐயாயிரம் லேபிள் நான் என் செலவில் அடித்துத் தருகிறேன், தமிழிலும் கன்னடத்திலும் ஆங்கிலத்திலும், எச்சரிக்கை வரியோடு. தாள்கூட எடுத்து வைத்துவிட்டேன். அந்தப் பட்டியல் கைக்கு வராதவரை அந்த டப்பாவை விற்காதீர்கள் என்றேன். தலையாட்டினார்.

ஐந்து வாரம் ஆகிறது. பட்டியல் வரவில்லை. நேற்று அந்தச் சந்து வழியாக நடந்தபோது பார்த்தேன், கல்லாவுக்குக் கீழே பச்சை மூடிகள் அடுக்கியபடி இருந்தன.